ஒரு லிட்டர் ஆமணக்கெண்ணெய்

காரமடையில் சூரியப்புயல் சங்கு ஊதினால் வீட்டில் மூன்று வேலை. சில்லு வைத்த பொறிகளை எல்லாம் ஈயப்பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். மோட்டார் நிற்கும் முன் தண்ணீர் பிடிக்க வேண்டும். வண்டி எஞ்சினில் எண்ணெய் மட்டம் காட்டும் கோலை உருவிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் என் மனைவி மோனிஷா பார்த்துக்கொள்வாள். கோல் என் பொறுப்பு.

சூரியன் சீறினால் நான்கைந்து நாளைக்கு மின்சில்லு வைத்த எதுவும் ஓடாது. தானோட்டி வண்டிகள் சாலையோரம் செத்த எருமை மாதிரி கிடக்கும். வருஷத்துக்கு ஆறேழு முறை இந்தக் கூத்து நடக்கிறது. அப்போது ஓடுவது சில்லே இல்லாத பழைய வண்டிகள்தான். என்னுடையது அம்பாசிடர். நூறு வயது தாண்டிவிட்டது. பெட்ரோலுக்கு எங்கே போவது, எரிசாராயத்தில் ஓடுகிறது. சர்க்கார் அதற்குப் 'புயலூர்தி' என்று தகடு அடித்துக் கொடுத்திருக்கிறது.

நான் அதைப் பெருமைக்கு வைத்திருக்கவில்லை. மோனிஷாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். புயலில் அந்த எந்திரம் ஓடுவது கோத்தகிரியில், பாறையைக் குடைந்து கட்டிய மருத்துவமனையில் மட்டும். எஞ்சின் மலையில் படுத்தால் அவளும் படுத்துவிடுவாள். அவ்வளவுதான் விஷயம்.

எஞ்சின் படுக்காமல் இருப்பது எண்ணெயில் இருக்கிறது. முன்னெல்லாம் டின்னில் ஒட்டிய சான்றுச் சில்லு, எண்ணெய் அசலா போலியா என்று சொல்லும். புயல் அதையும் தின்றபின் போலி பெருகியது. பாதி மலையில் எஞ்சின் இறுகி ஆட்கள் செத்தார்கள். பிறகுதான் உடன்பயணச் சட்டம் வந்தது. ஒரு வண்டிக்கு எண்ணெயைத் தேர்ந்து ஊற்றியவர் அடுத்த புயலில் அதே வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும். அவர் உயிர்தான் சான்று.

என் முன்சீட்டில் யாரையும் நான் உட்காரவிட்டதில்லை. நானே ஊற்றுவேன், நானே ஓட்டுவேன். ஆமணக்கெண்ணெய்தான். நல்ல கனம். ஆறு மாதமானாலும் தேன்நிறம் மாறாது. கறுக்காத எண்ணெயே நல்ல எண்ணெய் என்பது என் தீர்மானம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் சொன்ன சில்லுகள் என்ன ஆயின என்று பார்த்தவனும்கூட.

போன புயலில் எஞ்சின் மேல்பக்கம் டக் டக் என்று தட்டியது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோனிஷா போட்டுக்கொண்டாள். மேட்டுப்பாளையத்திலிருந்து எண்ணெய் தேர்ந்து ஊற்றுகிற ஒருத்தியை வரச்சொல்லிவிட்டாள். பெயர் ஜெரினா, நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் எஞ்சின் மூடியைக் கழற்றினாள். உள்ளே பழுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது.

"ஏனுங்கய்யா, இது எஞ்சினா, பாகு காய்ச்சற கொப்பரையா?"

"அது எண்ணெயோட பிடிப்பு அம்மிணி."

"பிடிப்பில்லீங்க, பிசினு. ஆமணக்கு சூட்டுல வெந்து ஒட்டியிருக்குது. அழுக்கையெல்லாம் எஞ்சின்லயே வுட்டுப்போட்டு அது மட்டும் தேனாட்டம் சுத்தமா இருக்குது."

"எங்க வீட்டுக்காரராட்டமேதானுங்க" என்றாள் மோனிஷா.

இரண்டும் சேர்ந்து சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் கலத்தை இறக்கி ஜெரினா இரண்டு நாள் சுரண்டினாள். பிறகு தான் கலந்த எண்ணெயை ஊற்றினாள், கனத்தில் 'இருபது-ஐம்பது' என்கிற தரமாம். "ரொம்ப மெலிசு ஊத்துனா உங்க பழைய சீலுல நிக்காது. ரொம்பக் கனமா ஊத்துனா காலைக் குளுருக்கு மேல ஏறறதுக்குள்ள உரசிப்போடும். இந்தக் காலத்து எஞ்சினாட்டம் உருளையெல்லாம் இதுல கெடையாது, இரும்பும் இரும்பும் நேரா உரசுது. அதுக்குன்னு துத்தநாகம் சேத்திருக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேனுங்க. இதோட ஆமணக்கச் சேத்துராதீங்க. தயிராட்டம் திரிஞ்சுரும்."

தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கு என்ன செலவு.

ஒரே வாரத்தில் கோலை உருவினால் எண்ணெய் கரியாக இருந்தது. போலி என்று முடிவு கட்டிவிட்டேன். மீதிப் பிசினைக் கரைத்துக் கழுவுவதால்தான் அது கறுக்கிறது என்று எனக்கு யார் சொன்னது? அவள்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

சங்கு ஊதியது. முதல் இரண்டு நாள் மழை, பாதையில் மண் சரிந்து கிடந்தது. மோனிஷாவுக்கு ரத்தச் சுத்தம் ஒரு முறை தவறிப்போனது. மூன்றாம் நாள் காலை பாதை திறந்ததும், சட்டப்படி முன்சீட்டில் வர, ஜெரினா சைக்கிளில் வந்து சேர்ந்தாள். பின்னால் பெரிய சாக்குப்பை. அதை டிக்கியில் வைத்துவிட்டு, மோனிஷா கூப்பிட உள்ளே சாப்பிடப் போனாள். அந்த நேரத்தில் நான் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு லிட்டர் கறுப்பெண்ணெயை இறக்கினேன். என் ஆமணக்கு ஒரு லிட்டரை ஊற்றினேன். என் மனைவி போகிற வண்டி. எனக்குத் தெரிந்தது ஒரு லிட்டராவது உள்ளே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பாதி மலை ஒன்றும் தெரியவில்லை. குஞ்சப்பனை தாண்டிய வளைவில் பின்சீட்டிலிருந்து மோனிஷா, "என்னங்க, சிவப்பு லைட்டு மின்னுது" என்றாள். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு அது. முகம் ஊதி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு.

"மேட்டுல அப்படித்தான்" என்றேன்.

"நிறுத்துங்க" என்றாள் ஜெரினா.

"மேட்டுல நிறுத்தினா..."

"நிறுத்துங்கய்யா! இறுகுச்சுன்னா இங்கிருந்து அக்காளத் தூக்கிட்டா போவீங்க?"

நிறுத்தினேன். கோலை உருவி உள்ளங்கையில் தடவினாள். கட்டி கட்டியாகத் திரிந்து வந்தது. என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவுங்க?"

"ஒரு லிட்டரு."

சாக்குப்பையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பக்கெட், ஸ்பானர், ஐந்து லிட்டர் டின் ஒன்று.

"இது எதுக்கு அம்மிணி கொண்டாந்தே?"

"நம்பாதவங்க வண்டின்னா டின்னோடதானுங்க ஏறுவேன். இதுவரைக்கும் பதினோரு வண்டி. எட்டுல டின்னத் தொறந்தாச்சு."

"ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டியா?"

"அக்கா அங்க மூச்சு வாங்கறாங்க. ஸ்பானரப் புடிங்க."

சூட்டோடு எண்ணெயைத் திறந்துவிட்டதில் அவள் முழங்கை வரை வழிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. கட்டியெல்லாம் பக்கெட்டில் விழுந்தது. ஒரு லிட்டரை ஊற்றிக் கழுவி அதையும் இறக்கினாள். மீதி நான்கை ஊற்றினாள். உடனே கிளப்ப வேண்டாம், முதலில் எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றுங்கள் என்றாள். எண்ணெய் மேலே ஏறட்டுமாம். எழுபத்தொரு வயதில் நான் சுற்றினேன். பத்துச் சுற்று. இருபது. என் தோளைவிடப் பின்சீட்டில் கேட்ட மூச்சுத்தான் வலித்தது. சாவியைத் திருப்பினேன். விளக்கு ஒருமுறை சிவந்து அணைந்தது. அதன்பின் கோத்தகிரி வரை அது எரியவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மோனிஷாவை எந்திரத்தில் சேர்த்தார்கள். இன்னும் இரண்டு மணிநேரம் போயிருந்தால் என்று தொடங்கினார் மருத்துவர். முடிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கையை அசைத்து எதையோ கேட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். என் வாழ்க்கையில் அதற்கு மேல் ஒரு வரம் நான் யாரிடமும் கேட்டதில்லை. எவளை நம்பாமல் போனேனோ அவள் கையால்தான் அது கிடைத்தது.

வெளியே முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு புயலூர்திகள் நின்றன. சிறுமுகைக்காரர் ஒருவர் தன் ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்தார்.

"வண்டி சத்தமே இல்லாம ஏறி வந்துச்சுங்களே. என்ன எண்ணெய்ங்க ஊத்தறீங்க?"

இந்தக் கேள்விக்கு முப்பது வருஷமாக அரைமணி நேரம் பதில் சொன்னவன் நான்.

"எனக்குத் தெரியாதுங்க. அந்த அம்மிணியக் கேளுங்க" என்று கை காட்டினேன். பெஞ்சில் ஜெரினாவின் கைக்கு நர்ஸ் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓட்டறவருக்கே தெரியாதுங்களா?"

"தெரியும்னு நெனச்சதுலதானுங்க எம்பட பொண்டாட்டி பாதி மலையில செத்திருப்பா" என்றேன்.