ஆட்டம் கொடுத்த ஸ்டியரிங்

ஸ்டியரிங்கைப் பிடித்து அசைத்தால் மூன்று விரற்கடை தூரம் அது சும்மா சுற்றியது. சக்கரத்துக்குச் சேதி போகவில்லை. பழைய வண்டிகளில் இருப்பதுதான். நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகளுக்கு அடியில் பத்து வருஷம் படுத்து எழுந்தவன் கண்ணையன். இதைவிட மோசமான ஆட்டத்தையெல்லாம் ஒரு மதியத்தில் சரிசெய்திருக்கிறான். ஆனால் இந்த பிக்கப்பில் அந்த மூன்று விரற்கடை வெறுமையாக இல்லை. கட்டிய கயிற்றின் மறுமுனையில் மாடு நிற்பது கைக்குத் தெரியுமே, அப்படி, மெதுவாக, அவசரமே இல்லாமல், ஏதோ ஒன்று இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

அவன் கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். எஞ்சின் ஓடவில்லை. சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தது. ஸ்டியரிங் தானாக ஒரு விரற்கடை இடது பக்கம் நகர்ந்து நின்றது.

"ஸ்பிரிங்கு எதுனா இழுக்குது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். அந்த ஸ்டியரிங்கில் ஸ்பிரிங் எதுவும் கிடையாது என்பது நெய்வேலியிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ராணுவம் கழித்துப்போட்ட வண்டி அது. காண்ட்ராக்டர் ஏலத்தில் எடுத்து, பின்னால் பலகை அடித்து, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்க விட்டிருந்தார். காலை ஷிப்டுக்குப் பெண்கள் இருபது பேர் அதில் ஏறுவார்கள். சேறு வாரும் வேலை, வாய்க்கால் வெட்டும் வேலை. கண்ணையனின் பெண்டாட்டி செல்லக்கிளியும் அதில் ஒருத்தி. சுரங்கத்துக்குள் இறங்கும் சரிவு ஒரு வண்டி போகிற அகலம்தான். வலது பக்கம் வெட்டிய செம்மண் சுவர். இடது பக்கம் எதுவும் இல்லை. அறுபது எழுபது அடி கீழே ஊற்றுத்தண்ணீர் கறுத்துக் கிடக்கும்.

முந்தின நாள் டிரைவர் மருதமுத்து சாவியை மேஸ்திரி நல்லசாமியின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். போகிறபோது கண்ணையனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, லூசா இருந்தா நான் ஓட்டிடுவேன். எத்தினி லூசு வண்டி ஓட்டியிருக்கேன். இது லூசு இல்லண்ணே. கீழ யாரோ புடிச்சிகினு வராங்க."

கண்ணையன் வண்டிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். பதில் சொன்னால் ராமலிங்கத்தின் பெயரைச் சொல்ல வேண்டிவரும்.

ராமலிங்கம் கம்மாபுரத்துக்காரன். கண்ணையனோடு அதே ரிப்பேர்க் கொட்டகையில் வேலை பார்த்தவன். புரட்டாசியில் இதே வண்டிக்கு அடியில் செத்துப்போனான். ஸ்டியரிங் ஆட்டம் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மேலே உட்கார்ந்து இடமும் வலமும் அசைக்க, இன்னொருவன் கீழே படுத்து எந்த முனை தேய்ந்திருக்கிறது என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் ராப்பகலாக நீரிறைக்கும் பம்புகள் ஓடுவதால் பேசினால் காதில் விழாது. அதனால் ராமலிங்கம் ஸ்பேனரால் கம்பியில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் இடம். இரண்டு தட்டு வலம். மூன்று தட்டினால் நிறுத்து.

அன்றைக்கு மூன்று தட்டு வந்தது. கண்ணையனுக்கு நன்றாகக் கேட்டது. இன்னொரு தடவை அசைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை. கோபம் இல்லை, விரோதம் இல்லை. ஷிப்டு முடிகிற அவசரம். வலது பக்கம் வேகமாக ஓர் இழுப்பு இழுத்தான். வண்டி குலுங்கியது. ஜாக்கிக்குக் கீழே இருந்த செங்கல் இரண்டாகப் பிளந்தது.

விசாரிக்க வந்தவர்களிடம் செங்கல் தானாக உடைந்தது என்று சொன்னான்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் அந்த ஸ்டியரிங்கை நான்கு முறை பிரித்துவிட்டான். ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து இறுக்கினான். தேய்ந்த புஷ் வளையங்களை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் நன்றாக ஓடும். மறுநாள் சரிவில் இறங்கும்போது இடது பக்கம் தேடும்.

"இன்னிக்கி முடிச்சிடு கண்ணையா" என்று நல்லசாமி வாசலில் நின்று சொன்னார். உள்ளே வரவில்லை. ராமலிங்கம் போனதிலிருந்து அந்தக் கொட்டகைக்குள் யாரும் அவசியமில்லாமல் வருவதில்லை. "காலையில வேலுமணி ஓட்டப்போறான். வேற வண்டி கெடையாது."

"அடியில படுக்க ஒரு ஆளு வேணுங்க."

"யாரு வருவா, நீயே சொல்லு" என்றார் நல்லசாமி. போய்விட்டார்.

மார்கழி மாதம். ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. கரி எரிகிற வாடையும் ஈரச் செம்மண் வாடையும் பழைய கிரீஸ் வாடையும் சேர்ந்து கொட்டகைக்குள் ஒரு போர்வையாக இறங்க, தூரத்தில் மண்ணை அள்ளும் சக்கர எந்திரம் நிற்காமல் அரைத்துக்கொண்டே இருந்தது. கண்ணையன் தானே கீழே படுத்து டை ராடைக் கழற்றினான். முன்சக்கரம் இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிற நீளக் கம்பி அது. அதில் ஆட்டம் இருந்தால் வண்டி குடிகாரன் மாதிரி நடக்கும். கடலூரிலிருந்து வந்த புது முனைகளைப் பூட்டி, முறுக்கி, மரை கழலாமல் ஊசி செருகி, புதுக் கிரீஸை வழிய வழியத் தடவினான். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மேலே ஏறி உட்கார்ந்து அசைத்துப் பார்த்தான்.

ஆட்டம் இல்லை. அரை விரற்கடைகூட இல்லை. இழுப்பும் இல்லை. பல நாளுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

டக்.

இடது பக்கம் திருப்பினான்.

டக், டக்.

வலது பக்கம் திருப்பினான். டக். இடம். டக், டக். வலம். கை பழகிய கை. அது பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோதான், கீழே ஆள் இல்லை என்பது அவன் புத்திக்கு எட்டியது.

டக். டக். டக்.

நிறுத்தினான். இந்த முறை நிறுத்தினான். இரண்டு கையையும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பம்புகள் இரைந்தன. வேர்வை காதுக்குப் பின்னால் ஓடியது.

ஸ்டியரிங் வலது பக்கம் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றியது. தானாக.

எப்படிக் கீழே குதித்தான் என்று அவனுக்கே தெரியாது. ஓடாமல் நின்றதற்குக் காரணம் செல்லக்கிளி. காலையில் அவள் இதில் ஏறுவாள். ஹரிக்கேன் விளக்கைக் கொளுத்தி, மண்டியிட்டு, அடியில் நீட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. புதுக் கிரீஸில் மட்டும், டை ராடின் இரண்டு முனையிலும், ஐந்தைந்து விரல்கள் சுற்றிப் பிடித்த தடம். அவனுடைய விரலைவிடத் தடித்த விரல்கள்.

அவன் யோசிக்கவில்லை. சுத்தியலை எடுத்து முனை இரண்டையும் அடித்துப் பிரித்தான். கம்பியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டான். கட்டு விட்ட முன்சக்கரங்கள் மாறுகண் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. இனி இதை யாராலும் ஒரு கெஜம்கூட ஓட்ட முடியாது. அது போதும் அவனுக்கு.

வீட்டில் செல்லக்கிளி சோறு போட்டாள். அவன் சாக்கை மடியிலிருந்து இறக்கவில்லை.

"இன்னாத்துக்கு மாமா அந்த இரும்ப வச்சிகினு குந்தியிருக்க?"

"நாளைக்கு வண்டி வராது. நீ வூட்டுலயே இரு."

"வண்டி வரலன்னா நடந்து போறன். ஒரு நாளு நின்னா வேற ஆள வச்சிடுவாங்க, தெரியுமில்ல?" அவள் விளக்கைத் தள்ளி வைத்து அவன் முகத்தைப் பார்த்தாள். "இன்னா ஆச்சி ஒனக்கு?"

சொன்னான். மூன்று தட்டையும் கேட்டதைச் சொன்னான். கேட்டும் நிறுத்தாததைச் சொன்னான். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னான்.

அவள் அடுப்பில் கிடந்த கொள்ளியைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"ராமலிங்கத்துப் பொண்டாட்டி வள்ளியம்மா வயித்துப் புள்ளையோட கம்மாபுரம் போனா" என்றாள். "அவகிட்ட போயி சொல்லு. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"சொல்றன்."

"எப்ப?"

அவன் சாக்கை இன்னும் இறுக்கிச் சுற்றினான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் சுவரில் சாய்ந்து, கம்பியைத் தொடைமேல் வைத்தபடி விழித்திருந்தான். எப்போது கண் அசந்தது என்று தெரியவில்லை.

ஷிப்டு சங்கு ஊதியபோது பாய் காலியாக இருந்தது. தூக்குச்சட்டி இல்லை. கதவு சாத்தியிருந்தது.

நடந்துதான் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே ஓடினான். கம்பி தோளில் இடித்தது. பனி மண்மேட்டிலிருந்து இறங்கிப் பாதையை மூடியிருந்தது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. எல்லாம் கரி வாடை. சரிவு தொடங்குகிற இடத்துக்கு வந்து மூச்சு வாங்கினான். பாதையில் யாரும் இல்லை. நடந்து போகிற பெண்கள் யாரும் இல்லை.

பின்னால் எஞ்சின் சத்தம்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

பனிக்குள் இரண்டு விளக்குகள் வந்தன. ஆடாமல் வந்தன. நூல் பிடித்த மாதிரி, பாதையின் நட்டநடுவில், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வராத நேர்த்தியோடு வந்தன.

"நிறுத்து!" என்று கத்தினான். கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். "வேலுமணி, நிறுத்துடா! ராடு இல்லடா! இதோ இங்க கீதுடா!"

வேலுமணி ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தான். "அண்ணே! இன்னாண்ணே செஞ்ச? பூ மாதிரி திரும்புதுண்ணே!"

பிக்கப் அவனைக் கடந்தது. பின்னால் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தலையில் முக்காடு, கையில் தூக்குச்சட்டி. பலகையைப் பிடித்தபடி செல்லக்கிளி. அவனையும் அவன் கையிலிருந்த கம்பியையும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த தூக்கம் மெல்லக் கலைந்தது. அவள் வாய் திறந்தது. எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

பின்னாலேயே ஓடினான். ஈர மண் வழுக்கியது. கம்பியோடு குப்புற விழுந்தான். கன்னம் மண்ணில் பதிந்தது. கண் தரையோடு தரையாக இருந்தது.

வண்டிக்கு அடியில் தெரிந்தது.

முன் விளக்கின் வெளிச்சத்தில் பனி வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்கு முன்னால், கறுப்பாக, இரண்டு சக்கரங்கள். சக்கரங்களுக்கு நடுவில், கம்பி இருக்க வேண்டிய இடத்தில், மல்லாந்த ஓர் உடம்பு. தலை தொங்கியிருந்தது. காக்கிச் சட்டை. இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் நீண்டிருந்தன. அளவுக்கு மீறி நீண்டிருந்தன. ஒரு கை இந்தச் சக்கரத்தை. ஒரு கை அந்தச் சக்கரத்தை. இறுக்கமாக. ஒரு நூல் ஆட்டம் இல்லாமல்.

வண்டி சரிவில் இறங்கியது. இடது பக்கப் பள்ளத்தின் ஓரமாக வளைவு வந்தது. கைகள் இரண்டும் பதமாக அசைந்தன. சக்கரங்கள் பதமாகத் திரும்பின.

தொங்கிக்கொண்டிருந்த தலை திரும்பிக் கண்ணையனைப் பார்த்தது.

பிறகு, இடது கை.

சுண்டு விரல் விட்டது.

மோதிர விரல் விட்டது.

நடுவிரல்.