இறந்த எலியின் கவனம்

எலி இறந்து இருபது நிமிடங்களுக்குப் பிறகும் படம் ஓடிக்கொண்டிருந்தது. பதிவை நிறுத்த எழில்மதி மறந்திருந்தாள். பெங்களூர் ஆய்வகத்தில் செய்த அந்தத் தவறு, விடுப்பில் நெய்வேலிக்கு வந்து, குவார்ட்டர்ஸில் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

எலியின் மண்டையோட்டில் பதித்த சிறு கண்ணாடி வழியே மூளை தெரியும். எதையாவது கவனிக்கும்போது ஊறும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கும் இடமெல்லாம் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தார்கள். காலடிச் சத்தத்துக்கு எலி காதை விடைத்தால் பச்சை பளிச்சிடும். உயிர் போனால் அணைந்துவிடும். அணைந்துதான் இருந்தது. இப்போது மறுபடியும் பளிச்சிட்டது. சற்று விட்டு இன்னொன்று.

மூளையில் அதே பொருள் வற்றி மறதி நோயில் விழுந்த அம்மா அமிர்தம், நான்கு வருடமாக மகளை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை தன்னை அடையாளம் கண்டால் போதும் என்றுதான் எழில்மதி இந்த ஆய்வுக்கே போனாள்.

"அம்மா இன்னிக்கி அந்த மூலையவே பாத்துகினு இருக்குது பாப்பா." அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பவல்லி செருப்பை மாட்டியபடி சொன்னாள். "எம் மூஞ்சிய ஒரு நாளு இப்பிடிப் பாத்ததில்ல. மூல அவ்ளோ அழகா இருக்குது போல."

அவள் போனதும் வீடு அடங்கியது. பிற்பகல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிப்போன பஸ்ஸின் இரைச்சல் தேய்ந்து மறைய, ஜன்னலில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலின் வாடையும் அம்மாவின் தைல வாடையும் வெக்கையில் கலந்து அசையாமல் நிற்க, மின்விசிறியின் ஒலிக்கு அடியில் வேறெதுவோ மிக மெதுவாக, சீராக, வெறுங்கால் தரையை ஒற்றி ஒற்றி எடுப்பதுபோல் கேட்டது.

எழில்மதி திரும்பிப் பார்த்தாள். கட்டிலின் மறுகோடியில் சுவரில் சாய்ந்திருந்த அம்மாவின் பார்வை மூலையில் இல்லை. அலமாரியில் இருந்தது.

திரையில் ஒரு பளிச். பார்வை ஓரடி நகர்ந்தது.

இன்னொரு பளிச். இன்னோரடி.

எழில்மதி படத்தை நிறுத்தினாள். நேரம் காட்டும் எண்கள் நின்றன. பச்சை நிற்கவில்லை.

"அம்மா. என்னப் பாரு."

பார்த்தாள். நேராக. மகளின் முகத்தை. யாரென்று தெரிந்த கண்களால்.

"எழிலு." குரலில் பழைய கண்டிப்பு. "நவுந்து உக்காரு. எவ்ளோ நேரம் நின்னுகினே இருப்பாங்க."

பச்சை இப்போது அணையவே இல்லை.

எழில்மதியால் அசைய முடியவில்லை. அம்மாதான் புடவையை இழுத்து ஒடுக்கிக்கொண்டு இடம் விட்டாள்.

இருவருக்கும் நடுவே, மெத்தை மெல்ல அழுந்தியது.