ஆறாம் கட்டில் குறிப்பு

ஐந்து மணிக்கு எழுத வேண்டிய குறிப்பு நாலேகாலுக்கே கணினியில் இருந்தது. 'ஆறாம் கட்டில். நோயாளி உறங்குகிறார். தொந்தரவு இல்லை.' கீழே தேவிப்ரியாவின் பெயர். அவள் எழுதவில்லை. ஆறாம் கட்டிலில் எட்டு நாளாக ஆளும் இல்லை.

சங்ககிரி நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், மதியம் இரண்டிலிருந்து இரவு எட்டு வரை மாடி முழுவதற்கும் அவள் ஒருத்திதான் நர்ஸ். அடுத்து வருகிறவளிடம் வாயால் சொல்லிவிட்டுப் போன காலம் போய், எல்லாம் கணினிக் குறிப்பு என்றான பிறகு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. வேலை கழுத்தை நெரித்தால் முந்தைய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டி, நேரத்தை மட்டும் மாற்றிவிடுவார்கள். இரண்டு தட்டு, மறுபடி இரண்டு தட்டு. முடிந்தது நோயாளியைப் பார்த்த கதை.

எட்டு நாளுக்கு முன் ஆறாம் கட்டிலில் ராமாயி படுத்திருந்த அன்றும் தேவிப்ரியா அப்படித்தான் செய்தாள். அறைப்பக்கமே போகாமல் நான்கு முறை 'உறங்குகிறார்' என்று ஒட்டினாள். எட்டு மணிக்குப் போனபோது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. எட்டாத டம்ளரை நோக்கிக் கை நீண்டு கிடந்தது.

மகன் மணியன் கேட்டபோது, "தூக்கத்துலயே போயிட்டாங்கங்க. கஷ்டமே படல," என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை.

இப்போது அந்த நாலேகால் குறிப்பை அழிக்கப் பார்த்தாள். கணினியில் எதையும் அழிக்க முடியாது, திருத்தம்தான் சேர்க்கலாம். ராமாயியின் பழைய குறிப்பைத் திறந்து, 'அன்று நான் போய்ப் பார்க்கவில்லை' என்று தட்டினாள். வேலை போய்விடும். மணியன் முகத்தில் எப்படி விழிப்பது? பயந்துபோய், சேமிக்காமல் மூடினாள்.

திரையில் புது வரி வந்தது. 'ஆறாம் கட்டில். தண்ணீர் கேட்கிறார்.'

கீழே லாரிகள் போகிற அதிர்வில் ஜன்னல் கண்ணாடி விடாமல் நடுங்க, பினாயில் வாடையோடு பழைய வியர்வை வாடையும் கலந்து வர, ஆறாம் கட்டில் கிடந்த கோடி அறையில் ஒரு ஸ்டீல் டம்ளர் விழுந்து, உருண்டு, நெடுநேரம் கழித்து நின்றது. பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். துவைத்த விரிப்பு விரித்தபடி இருந்தது. நடுவில் மட்டும் ஆள் படுத்த குழிவு. தொட்டாள். சூடாக இருந்தது.

அப்படியே கட்டில்மேல் சரிந்தாள்.

கண் திறந்தபோது ஜன்னல் இருட்டியிருந்தது. முதுகுக்கடியில் மெத்தை. இருபுறமும் கம்பித் தடுப்பு. கை அசையவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்து ஸ்டூல்மேல் டம்ளர் நிறைய தண்ணீர். ஒரு சாண் தள்ளி.

திறந்த கதவு வழியே நர்ஸ் மேசை தெரிந்தது. எட்டு மணி டூட்டிக்கு வந்த சௌமியா, தோள்பையை இறக்காமலே திரையைப் படித்தாள்.

"தேவி அக்கா கெளம்பிட்டாங்களாட்ட இருக்குது," என்று முணுமுணுத்தாள். "ஆறாம் நம்பரு தூங்கறாங்களாட்ட."

சௌமியா. தேவிப்ரியா கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை. ஒரே ஒரு தடவை வா. எட்டிப் பார்.

இரண்டு தட்டு.

அந்தச் சத்தம் தேவிப்ரியாவுக்குத் தெரியும்.

மறுபடி இரண்டு தட்டு.

அவள் காதோரத்தில், அதே தலையணையில், வறண்ட மூச்சு.

"காலைல எட்டு மணி வரைக்கும் ஆரும் வர மாட்டாங்க, சாமி."

அவள் கைமேல் இன்னொரு கை ஊர்ந்து, டம்ளரை நோக்கி நீண்டது.