ஐயமானி

அறையில் இருந்தவர்கள்: பேராசிரியர் கங்காதரன், மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் ஆறு பேர், வாசலில் ஒரு காவலாளி, கட்டிலில் எட்டு மாதக் கர்ப்பிணி மாடத்தி. மாணவர்கள் நெற்றியில் ஐயமானி கட்டியிருந்தது.

ஒரு காலத்தில் மூத்த மருத்துவர் எதைச் சொன்னாலும் மாணவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் தாய்மார்கள் செத்தார்கள். அதற்காக வந்த கருவி இது. சந்தேகப்பட்டால் பச்சை எரியும், கேளாமல் நம்பினால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் படிப்பு போச்சு. மருந்துப் பேழையும் பச்சை எரிபவருக்குத்தான் திறக்கும்.

மூளையைப் படிக்கும் என்று சொல்லி விற்றார்கள். அது படித்தது பேச்சை. வாக்கியத்தின் வாலில் ஓர் 'ஓ' ஒட்டினால் பச்சை என்பதைப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

"தலை வெடிக்குது டாக்டரே, கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்குது" என்றாள் மாடத்தி. அவள் முகம் ஊதியிருந்தது. ரத்த அழுத்தம் நூற்றெழுபது.

"தூக்கம் கெட்டதாலோ?" என்றான் மாணவன் லெனின். பச்சை.

"அளக்கிற கருவி பொய் சொல்லுதோ?" என்றான் அடுத்தவன். பச்சை.

"தலைவலின்னு இவங்களா நினைச்சுக்கிறாங்களோ?" என்றான் மூன்றாமவன். பச்சை. கங்காதரன் பூரித்துப் போனார்.

"நானா நினைச்சுக்கிடுதேனா? வந்து என் தலையக் கொஞ்ச நேரம் வச்சிரு, ஏல!" என்று சீறினாள் மாடத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி ரெஜினாள். அவள் கணக்கில் ஏற்கெனவே ஒரு சிவப்பு இருந்தது.

"சார், இது வலிப்புக்கு முந்தின நிலை. உடனே மக்னீசியம் போடணும். எனக்குச் சந்தேகமே இல்ல."

சிவப்பு. பேழை அசையவில்லை.

"ரெண்டாச்சு ரெஜி. ஒரு ஓ போட்டா உன் சொத்தா கரைஞ்சிரும்?" என்று கிசுகிசுத்தான் லெனின்.

மாடத்தியின் விரல்கள் போர்வையைப் பிறாண்டத் தொடங்கின. ரெஜினாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "மக்னீசியம் தேவையோ?"

பச்சை. பேழை வாயைப் பிளந்தது. மருந்தை எடுத்து, இடுப்பின் இரு பக்கமும் ஊசி போட்டாள். யாரும் தடுக்கவில்லை. சந்தேகப்பட்டுக் கேட்டவளை எப்படித் தடுப்பது? கொஞ்ச நேரத்தில் மாடத்தியின் விரல்கள் அடங்கின.

கங்காதரன் கைதட்டினார். "இதுதான் விமரிசனச் சிந்தனை! எல்லாரும் பாத்துக்கோங்க. எப்படிம்மா உனக்கு அந்தச் சந்தேகம் வந்துச்சு?"

தெரியவில்லையோ என்று ஏதாவது ஒன்றை உளறியிருந்தால் தப்பியிருப்பாள். ஆனால் அந்த ஓ இன்னும் வாயில் எச்சிலாக ஊறிக்கொண்டிருந்தது. அதைத் துப்பினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"சந்தேகமே வரல சார். சும்மாதான் கேட்டேன். நீங்க எல்லாரும் செய்யறதும் அதான்."

சிவப்பு.

காவலாளி வந்து முழங்கையைப் பிடித்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மக்னீசியம் கூடிப்போனால் மூச்சை நிறுத்திவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க ஒருவர் வேண்டும். தன் வாயைச் சுத்தம் செய்துகொண்ட சுகத்தில், அதற்கு இருந்த ஒரே ஆளான தன்னை அவளே வெளியே அனுப்பிவிட்டாள்.

"சார், மூச்ச எண்ணச் சொல்லுங்க! முட்டியத் தட்டிப் பாக்கச் சொல்லுங்க. கால் துள்ளலன்னா அடுத்த ஊசி போடக் கூடாது!"

"கட்டளை இடுறியா? அந்தக் காலத்துப் பழக்கம்" என்றார் கங்காதரன். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பினார். "மூச்சை எண்ணச் சொல்லுறா. என்ன நினைக்கிறீங்க?"

ஐந்து கைகள் உயர்ந்தன, ஆளுக்கொரு ஓவுடன்.

"அந்தப் புள்ள எங்க போகுது? அத இங்கன இருக்கச் சொல்லுங்க" என்றாள் மாடத்தி, நாக்குக் குழற.

ரெஜினாள் கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். காவலாளி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவளை நடைக்கூடத்தில் தள்ளி, கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினான்.