அக்கரைக் கிடங்கு

முதஷரும் அவன் தம்பி சாசிபும் பஸ்ராவிலிருந்து படகில் எல்லை ஆற்றைக் கடந்து, ஈரான் கரையிலுள்ள முஹம்மராவுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். பேரீச்சம்பழக் கிடங்கின் காவல்காரர் லஃப்தா அவர்களை உள்ளே விட்டார்.

“வெளியில பூட்டிட்டுப் போறேன். அப்பத்தான் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. பஸ்ரா போலீஸ் ஆறு தாண்டி வராது. நிம்மதியா தூங்குங்க.”

பூட்டு விழுந்தது. ஜன்னலே இல்லாத கிடங்கு. தகரக் கூரையின் ஓட்டைகளில் மட்டும் ஊசி ஊசியாக வெளிச்சம். பழைய பழங்களின் புளித்த வாடை தொண்டையை அடைத்தது.

மூன்று நாளுக்கு முன்னால், தங்கள் டீசல் கடத்தலைக் காட்டிக்கொடுத்த படகோட்டி ரைசானை இருவரும் கரையோரம் மடக்கினார்கள். சாசிப் கைகளை முறுக்கிப் பிடிக்க, முதஷர் நங்கூரத்தால் மண்டையில் அடித்தான். நான்காவது அடியில் பாதி முகம் சிதைந்துபோனது. உடலை ஆற்றில் தள்ளிவிட்டு ஓடினார்கள்.

சாசிப் மூட்டைகள்மேல் சாய்ந்ததுமே தூங்கிவிட்டான். முதஷருக்குக் கண் மூடவில்லை.

சேற்று வாடை வந்தது.

பிறகு, ஈரக்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி நடக்கும் சத்தம். அது சாசிபின் அருகே போய் நின்றது.

தம்பியின் உதடுகள் அசைந்தன. வந்தது ரைசானின் கரகரத்த குரல்.

“பிடிச்சவன் இங்க இருக்கான். அடிச்சவன் எங்கே?”

முதஷர் அவனைப் போட்டு உலுக்கினான்.

“என்னண்ணே?”

“தூக்கத்துல என்னடா உளறுன?”

“அவன் என் நெஞ்சுமேல உக்காந்திருந்தான்ணே. ஊருக்கே போயி சரணடைஞ்சிடலாம். ஜெயில்லயாவது காவலுக்கு ஆள் இருக்கும்.”

“தூக்குல தொங்க ஆசைன்னா நீ போ. மூடிட்டுப் படு.”

சாசிப் திரும்பிப் படுத்தான். மறுபடி புரண்டபோது அந்த முகத்தில் பாதி இல்லை.

முதஷர் தராசடியில் கிடந்த எடைக்கல்லைத் தூக்கி அடித்தான். எலும்பு நொறுங்கியது. இரண்டு கைகள் அவன் சட்டையைப் பற்றி இழுத்தன. “அண்ணே” என்று ஒரு முனகல். அதைக் கேட்ட பிறகும் கை ஓயும்வரை அடித்தான்.

மூட்டைமேல் கிடந்தது சாசிப்.

கதவு தட்டப்பட்டது. “உள்ள என்னப்பா சத்தம்?” என்றார் லஃப்தா.

முதஷர் கத்த வாயைத் திறந்தான். சேற்றுத் தண்ணீர்தான் கொட்டியது.

தம்பியின் உடைந்த தாடை மெல்ல அசைந்தது. சாசிபின் குரலே பதில் சொன்னது.

“ஒண்ணுமில்ல மாமா. அண்ணன் கனவு கண்டு கத்துறாரு. ரெண்டு நாளைக்குக் கதவைத் திறக்காதீங்க.”

“சரிப்பா.”

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.