நாம் அப்படிச் செய்வதில்லை

வர வேண்டிய வரி வரவில்லை.

ஹனீன் கணினி விளையாட்டின் பொருள் பையிலிருந்து கத்தியை எடுத்து நாற்காலியின் மேல் வைத்து மவுஸை அழுத்தினாள். திரையில் லூவெல் தலையை ஆட்டி, "நாம் அப்படிச் செய்வதில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். முந்தைய ஆறு விளையாட்டுகளிலும் பொருளைத் தவறான இடத்தில் வைத்தால், சாம்பல்நிறக் கோட்டு போட்ட அந்தத் துப்பறிவாளர் சொல்லும் பதில் அது ஒன்றுதான். இப்போது அவர் எதுவும் சொல்லவில்லை. குதிகால் தரையில் தட்டும் சத்தத்தோடு இடமிருந்து வலமாக நடந்துபோய், நாற்காலியின் மெத்தையில் கத்தியை இறக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நிதானமாகக் கிழித்தார். பிறகு நிமிர்ந்து வெளியே பார்த்தார். திரைக்கு வெளியே.

ஹனீன் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். ஜவுளிக்கடையில் துணியை இரண்டு பக்கமும் பிடித்துக் கிழிக்கும்போது விரலில் ஒரு அதிர்வு தெரியுமே, அது அவள் விரல்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

லூவெல் வழக்குகள் ஒரு பிரெஞ்சு கம்பெனியின் விளையாட்டு. மூலக்குளத்தில் ஒரு சின்ன ஆபீஸ் அதற்குத் தமிழ் செய்கிறது. முத்தியால்பேட்டை வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து ஆறு வருஷமாக அந்தத் தமிழை எழுதுகிறவள் ஹனீன். இது ஏழாவது வழக்கு, கடைசியும் கூட. வெளியே விடுவதற்கு முன்னால் லூவெலின் பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் காட்சியில் இருக்கும் ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். சரியான இடத்தைவிடத் தவறான இடங்களில்தான் அதிகம் வைத்துப் பார்க்க வேண்டும். தவறு செய்தால் மறுப்பு வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

மதியம் மூன்றேகால். ஒரு மணிக்குச் சாத்திய கடைகள் நாலு மணி வரைக்கும் திறக்காது. தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. மீன் பொரித்த எண்ணெய் வாசனை படியேறி வந்து, மின்விசிறிக்குக் கீழே சுற்றிச் சுற்றி நின்றது. அத்தாவும் அம்மாவும் காரைக்காலில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பக்கத்து அறையில் தங்கை நிதா, போன வாரம் ஸ்கூட்டரில் விழுந்து, கால்விரல் நுனியிலிருந்து முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

"லாத்தா," சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல். "உன் கோட்டு மாமா என்னா பண்றாரு? கல்யாணத்துக்கு அவரையும் அனுப்பியிருக்கலாம்ல. பொண்ணு கிண்ணு பாத்திருப்பாங்க."

"வாய மூடிட்டுத் தூங்குடி."

"கால் அரிக்குது. உள்ள எறும்பு பூந்துட்ட மாதிரி இருக்கு. ஒரு ஸ்கேல் குடேன்."

"உள்ள எதையும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல."

"அவருக்கு அரிச்சாத் தெரியும்."

ஹனீனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் மூலக்குளத்துக்குப் போன் போட்டாள். ஆபீஸை நடத்தும் புருஷோத்தமன் எடுத்தார்.

"சார், கத்திய வச்சா லூவெல் வேணாம்னு சொல்ல மாட்டேங்கிறாரு. செஞ்சிடறாரு."

"என்னாத்தம்மா செய்யறாரு?"

"நாற்காலியக் கிழிச்சிட்டாரு."

"ஆறு ஆட்டமா வேணாம் வேணாம்னு சொன்ன மனுஷன். ரிட்டையர் ஆவற நேரத்துல ஆசையத் தீத்துக்கறாரு போல. எழுதி வை, மிச்சத்தையும் பாரு. நாலு மணிக்கு பைல் தானா ஏறிடும். அப்புறம் நான் நெனச்சாலும் ஒரு எழுத்தைத் தொட முடியாது."

"ஆளுங்க மேலயும் கத்திய வைக்கணுமா சார்?"

"ஆளுங்க மேலதாம்மா முக்கியமா வைக்கணும். வாங்கறவன் மொதல்ல அதத்தான் பண்ணிப் பாப்பான்."

பட்டியலில் அடுத்த கட்டம்: கத்தி, நாய்.

காட்சியில், அடுப்படி ஓரத்தில் ஒரு செம்பட்டை நாய் முன்னங்கால்மேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. ஹனீன் அழுத்தினாள். லூவெல் அதன் பக்கத்தில் முழங்காலிட்டு, இடதுகையால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். நாய் கண்ணை மூடி வாலை ஒருமுறை தரையில் தட்டியது. அதே நேரம் வலதுகை கழுத்துக்குக் கீழே போனது. முதலில் தோல் விறைத்து நிற்பதும், பிறகு சட்டென்று வழிவிடுவதும், அதற்கப்புறம் எலும்பில் பட்டு அலகு சறுக்குவதும் ஹனீனின் மணிக்கட்டுக்குள் தெரிந்தது. ஹெட்போனில் ஒரு ஈனக்குரல் நீண்டு, குமிழியிட்டு, நின்றது. லூவெல் கத்தியை இரண்டு முறை திருகினார். அவள் மணிக்கட்டும் இரண்டு முறை திரும்பியது.

உள்ளங்கை ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக.

மவுஸின் இடுக்குகளில் ரத்தம் தேங்கி, மேசை விளிம்பு வழியாக அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்து, கையைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். எங்கேயும் வெட்டு இல்லை. பழைய இரும்பு வாசனையும் நனைந்த நாய் வாசனையும் சோப்பு போட்டும் போகவில்லை. ஆள்காட்டி விரல் நகத்துக்குள் ஒரு செம்பட்டை முடி.

"லாத்தா, எங்கயோ நாய் கத்துச்சு. பாவமா கத்துச்சு."

"கேம்லடி."

"நீ ஹெட்போன்தான போட்டிருக்க?"

ஹனீன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். காகிதத்தால் மவுஸைத் துடைத்தாள். வசனங்கள் இருக்கும் கோப்பைத் திறந்து, லூவெலின் மறுப்பு இருக்கும் நானூற்றுப் பதினேழாம் வரிக்குப் போனாள். இடது பக்கத்தில் பிரெஞ்சு வாக்கியத்தை யாரோ மாற்றியிருந்தார்கள். மறுப்புச் சொல் அதில் இல்லை. வலது பக்கத்தில் தமிழ் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அவளுடைய பழைய மொழிபெயர்ப்புகளைப் பார்த்து மென்பொருள் தானாகவே நிரப்பும், எப்போதும் நடப்பதுதான்.

"நாம் செய்வோம்."

பிரெஞ்சில் 'ஓன்' என்று ஒரு சொல் உண்டு. நாம், நாங்கள், யாரோ ஒருவர், எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். லூவெல் எப்போதும் அதைத்தான் சொல்வார். தமிழில் அப்படி நழுவ முடியாது. முதல் விளையாட்டின்போது இந்த ஒரு சொல்லுக்காக அரைநாள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் என்றால் விளையாடுகிறவர் வெளியே நிற்பார். நாம் என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. லூவெல் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போவது போல இருக்கும். நாம் என்றே வைத்தாள். இந்தச் சொல்லுக்குப் பன்மைதான் வர வேண்டும் என்று மென்பொருளில் ஒரு விதியும் எழுதிப் பூட்டினாள். ஆறு வருஷமாக அந்த மனிதர் அவளைச் சேர்த்துக்கொண்டே பேசியிருக்கிறார். அவள்தான் சேர்த்துவிட்டாள்.

திரையில் காட்சி மாறியிருந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை.

ஓர் உள்ளறை. ஜன்னல் சாத்தியிருந்தது. சுவரோரக் கட்டிலில் யாரோ போர்வையை இழுத்துப் போர்த்தி, சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார்கள். போர்வைக்கு வெளியே ஒரு கால். தடிமனாக, வெள்ளையாக. சுட்டி அதன்மேல் போனபோது பெயர் வந்தது: பெண்.

லூவெல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். காத்திருந்தார்.

அவள் வலதுகை மவுஸின் மேல் இருந்தது. அங்கே அதை அவள் வைக்கவில்லை. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. ஆள்காட்டி விரல் மெல்ல இறங்கியது. விரல் இறங்க இறங்கத் திரையில் கத்தி ஏறியது. இடதுகையால் விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தாள். எலும்பு சொடக்கென்றது. விரல் நிற்கவில்லை. குனிந்து அதைப் பல்லால் கடித்தாள். தோல் அறுந்து, வாயில் உப்பு நிறைந்து, கீழே கடினமாகப் பல்லில் தட்டுப்படும் வரைக்கும் கடித்தாள். நின்றது. அரைக்கணம்தான். மறுபடி இறங்கியது.

கடித்த பிடியை விடாமல் இடதுகையால் விசைப்பலகையைத் தேடினாள். நானூற்றுப் பதினேழு. அழித்தாள். "நான் செய்வேன்" என்று அடித்தாள். அவர் செய்யட்டும். அவர் மட்டும்.

சிவப்புக் கோடு. பன்மை வேண்டும்.

அவள் பூட்டிய விதி. திறக்கப் புருஷோத்தமனின் அனுமதி வேண்டும். விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. கத்தி லூவெலின் தலைக்கு மேலே.

பன்மையில் மிச்சம் ஒரு சொல்தான் இருந்தது. ஆறாம் வகுப்பில் எல்லாரும் ராகம்போட்டு ஒப்பித்தது. கேட்பவர் நீங்கலாக.

"நாங்கள் செய்வோம்."

பச்சை விளக்கு எரிந்தது.

வலதுகை பொத்தென்று மடியில் விழுந்தது. வலித்தது. அந்த வலி அவளுடையதாக இருந்தது. அழுகையும் சிரிப்புமாக அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திரையில் லூவெல் கத்தியை இறக்கினார். அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் அசைத்தார். ஏழு விளையாட்டுகளில் அவர் அப்படித் தலையசைத்து அவள் பார்த்ததில்லை. பிறகு வலது ஓரமாக நடந்து திரையைவிட்டு வெளியேறினார்.

கட்டில் காலியாக இருந்தது. போர்வை தட்டையாகக் கிடந்தது.

மூன்று ஐம்பத்தைந்து. மின்விசிறி. வேறு சத்தம் இல்லை.

நாங்கள். நான் இல்லை. அவரும்.

அவரும், யார்?

ஒரே ஆள் நாங்கள் ஆக முடியாது.

"நிதா."

சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ந்த பேச்சு. வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் மட்டும் நிதா பேசும் அடக்கமான குரல். "ம்." இடைவெளி. "சரிங்க." இடைவெளி. "இல்லங்க, நடப்பேன்."

பிறகு மாவுக்கட்டு தரையில் ஊன்றும் சத்தம். உடையும் சத்தம். அதற்கு உள்ளே இன்னொன்று உடையும் சத்தம். கத்தல் இல்லை. அம்மா என்றுகூட இல்லை.

நடை. ஒரு வெறுங்கால். ஒரு இழுவை. கூடவே ஒரு குதிகால்.

ஹனீன் எழுந்தாள். கதவு திறந்தது.

நிதா நின்றுகொண்டிருந்தாள். மாவுக்கட்டு பிளந்து தொங்கியது. கணுக்கால் பக்கவாட்டில் மடிந்து, எலும்பின் வெள்ளை முனை தோலைக் கிழித்து வெளியே வந்து, அதன்மேல்தான் அவள் பாரம் முழுதும் இருந்தது. வலதுகையில் கத்தி. இடதுகை தோளுயரத்துக்குத் தூக்கியிருந்தது, உயரமான யாரோ பிடித்திருப்பது போல. அங்கே யாரும் இல்லை. முகம் மட்டும் நிதாவின் முகமாகவே இருந்தது. பொறுப்பான முகம். காலேஜ் முதல்நாளன்று இருந்தது போல.

"நீ வராத லாத்தா," என்றாள் அன்பாக. "உக்காரு. நாங்க பாத்துக்கறோம்."

கதவைச் சாத்தினாள். வெளித்தாழ் விழுந்தது.

ஹனீன் கதவில் மோதினாள். தோளால். நெற்றியால். படியில் அந்த நடை இறங்கியது. கணினிக்கு ஓடி வந்தாள். நானூற்றுப் பதினேழு. அழி. அழி. அழியவில்லை. எழுத்துகள் சாம்பல்நிறமாகிவிட்டிருந்தன. ஓரத்தில் புருஷோத்தமனின் செய்தி: ஏறிடுச்சு. சூப்பர்மா. போய் டீ குடி.

ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக் கீழே பார்த்தாள். எதிரில் தையல் மிஷின் ரிப்பேர் கடைக்காரர் இராமதாஸ், மதியத் தூக்கம் தெளியாத கண்களோடு பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். தெருக்கதவு திறக்கும் சத்தத்துக்குப் பாதி திரும்பினார்.

"என்னா பாப்பா, அதுக்குள்ள கால் சரியாயிடுச்சா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி குனிந்து ஷட்டரைத் தூக்கினார்.

ஹனீன் கத்தினாள். அண்ணே என்று கத்தினாள். நாலு மணி. பக்கத்துக் கடை ஷட்டரும், அதற்கடுத்ததும், தெருமுனை வரைக்கும் ஒவ்வொன்றாகக் கடகடவென்று ஏறத் தொடங்கியிருந்தன. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இராமதாஸின் ஷட்டர் இடுப்பளவு ஏறி நின்றுவிட்டது. அவர் உள்ளே குனிந்தார். நிதாவும் குனிந்தாள். ஷட்டருக்குக் கீழே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. குதிகால்கள் தரையைவிட்டு எழும்பின. விரல் நுனியில் நின்றன. பிறகு அதுவும் தரையில் படவில்லை. காற்றில் உதைத்தன. ஒரு செருப்பு கழன்று வாசலில் விழுந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு பரவி, படியிலிருந்து சிமென்ட் தரைக்கு இறங்கியது.

நிதா வெளியே வந்தாள். இடதுகை உயர்ந்தபடியே இருந்தது. அவள் நடந்த வழியில் ஈரத்தடங்கள் விழுந்துகொண்டே போயின. ஒரு வெறுங்கால். ஒரு கோடு. அவற்றின் இடப்பக்கத்தில், யாருமில்லாத இடத்தில், குதிகால் வைத்த ஷூவின் தடம்.

மூன்றும் அடுத்த கடையை நோக்கி. அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தாள்.