அம்பத்தூர் ஏரியில் காணாமல் போன பாய்

"ஸார், பாயைக் காணோம்!"

ரயில் வந்து நின்றால் அம்பத்தூரே எட்டிப் பார்க்கும் வெள்ளைக்காரன் காலம் அது. காலை வண்டிக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு அப்போதுதான் காப்பியைக் கையில் எடுத்திருந்தார் ஸ்டேஷன் மாஸ்டர் பரந்தாமன். ஊரில் எது தொலைந்தாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்க நின்றான் கள்ளிக்குப்பம் எத்திராஜ். ஏரியில் ஒரு பாய்மரப் படகை வைத்துக்கொண்டு கடலோட்டம் பழகும் வாலிபர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன்.

"நாங்களே பனிச்சங்காய்ச் சாறுல ஊறவெச்ச பாய் ஸார். படகோட சொந்தக்காரர் மணவாளன் மத்தியானம் பழவேற்காட்டுலேர்ந்து வராரு. பாயை விரிச்சு ஏரியைச் சுத்தி ஓட்டிக் காட்டினா கடலுக்கு இட்டுகினு போவாரு. இல்லாங்காட்டி படகையே எடுத்துகினு பூடுவாரு. எங்கம்மாகூட நேத்து வந்து பாத்துட்டு, 'பெரிய மனுசன் வராரு, படகு நல்லா இருக்கணும்டா'ன்னுச்சு." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆவடிப் பசங்க வேலை! துடுப்புப் போட்டியில தோத்த ஆத்திரம்" என்றான் பார்சல் குமாஸ்தா சம்பத். கிளம்புவதற்கு முன்பே வழக்கை முடித்துவிடுவது அவன் வழக்கம்.

ஏரிக்கரையில் சம்பத்தான் முதலில் படகுக்குள் குதித்தான். ஈரப் பலகை வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்தான்.

"ராத்திரி மழையா?" என்றார் பரந்தாமன்.

"இல்ல ஸார். நேத்து சாயங்காலம் நாங்க சேத்துக் காலோட ஏறினோம், இருட்டிட்டதால கழுவக்கூட இல்ல."

இப்போது பலகையில் சேறே இல்லை. பாயைப் பிணைத்திருந்த கயிறுகளில் ஒன்றுகூட அறுபடவில்லை. எல்லாம் அவிழ்க்கப்பட்டு, வைக்கோல் பிரியால் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பாய்மரத்தில் மஞ்சளும் குங்குமமும்.

"பில்லி சூனியம்!" என்று எழுந்தான் சம்பத். ஆவடி அவனுக்கு அடியோடு மறந்துபோயிற்று.

பரந்தாமன் சிரித்தார். "எத்திராஜ், உங்க வீட்டுல நெல் அவிக்கிற அண்டா இருக்கா? பசங்களையும் கூப்பிடு. அங்கே போவோம்."

வரப்பில் நடந்தபடியே சொன்னார்: "திருடன் கயிற்றை அறுப்பான். இவங்க அவிழ்த்திருக்காங்க. திருடன் சேத்துக் கால்தடம் வைப்பான். இவங்க கழுவிவிட்டு, பொட்டும் வெச்சிருக்காங்க. படகு மேல பாசம் உள்ளவங்க. வைக்கோல் பிரி கழனிக்காரங்க கைப்பழக்கம். பனிச்சங்காய்ச் சாறு ஏறிக் கறுத்த பாயைக் கடல்காரன் பார்த்தா பதமான பாய். கழனிக்காரங்க பார்த்தா?"

"அழுக்கு…" என்றான் எத்திராஜ். சொன்னதும் ஓட்டமெடுத்தான்.

வைக்கோல் போரின்மேல் சித்திரை வெயிலில் பாய் வெளுத்துக் கிடந்தது. எத்திராஜின் தாய் அன்னம்மாள் பூரிப்போடு நின்றாள்.

"பாத்தியா நைனா! எவ்ளோ அழுக்கு! விடிகாலைல நானும் உங்கத்தையும் தூக்கியாந்து, உவர்மண்ணு போட்டு அண்டாவுல வேவெச்சு, கஞ்சியும் போட்டுட்டேன்!"

"அம்மா, அது அழுக்கில்ல. பாய் இத்துப்போவாம இருக்கப் போட்ட சாயம்!"

அவள் முகம் வாடிவிட்டது. "கெடுத்துட்டனா நைனா?"

எத்திராஜ் தாயைப் பார்த்தான். பாயைத் தொட்டான், பொரித்த அப்பளமாக மொடமொடத்தது. "இல்லம்மா. இன்னிக்கி ஒரு நாளைக்குத் தாங்கும். தூக்குங்கடா!"

மத்தியானம் கஞ்சிப் பாய் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு காற்றைப் பிடித்தது. படகு ஏரியைச் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே அழகாக ஒதுங்கியது. கரையே கத்தி ஆர்ப்பரித்தது. எல்லோரையும்விடச் சம்பத்தின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

மணவாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கஞ்சி போட்ட பாயை இன்னைக்குத்தான்டா பாக்குறேன்! கடலுக்கு வாங்க. ஆனா மறுபடி சாயம் ஏத்திக்கிட்டுத்தான் வரணும்."

அன்னம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பனிச்சங்காயை எடுத்துகினு வாங்கடா," என்றாள். "அண்டா இன்னும் சூடாத்தான் கீது."